பேரை எடுன்னா எடு

கூட்டாக எழுதும் இணையத் தளங்களிலிருந்து ஒருவர் வெளியேற நினைக்கிறார். 'என் கணக்கை அழியுங்கள், எழுதியதையும் எடுத்துவிடுங்கள்' என்கிறார். உடனே உபதேசம் வருகிறது: 'இது பொதுச்சொத்து, உரிமம் கொடுத்தாயிற்று, திரும்பப் பெற முடியாது.' யாருடைய பொது? காவல்காரன் யாரு? கேட்டாக வேண்டும் தோழர்களே.

விக்கிப்பீடியாவில் கணக்கை அழிக்கவே முடியாது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமப்படி எழுதியவரைச் சுட்ட வேண்டும் என்பது காரணம். பெயரை மாற்றிக்கொண்டு மறையலாம். அதற்கும் நல்லபிள்ளையாக இருந்திருக்க வேண்டும். மாற்றினாலும் உரையாடல் பக்கங்களில் போட்ட பழைய கையெழுத்து தானாக மாறாது. வாசல்ல பேரை அழிச்சிட்டு தெருப்பூரா விட்டுவெச்ச கதைதான். தொலைபேசி எண், முகவரி போன்றவற்றைச் சாதாரண நிர்வாகிகளும் பார்க்க முடியாதபடி மறைக்கும் ஏற்பாடு அங்கே உண்டு. அதைக் குறை சொல்ல மாட்டேன்.

ஸ்டாக் ஓவர்ஃப்ளோ சங்கதி வேறு. 2024 மே மாதம் அந்தக் கம்பெனி ஓப்பன்ஏஐயோடு கூட்டு சேர்ந்தது. வருசக்கணக்கில் கூலியில்லாமல் பதில் எழுதியவர்களில் சிலர் ஆத்திரத்தில் தங்கள் பதில்களை அழிக்கப் போனார்கள், எதிர்ப்புக் குறிப்பாக மாற்றினார்கள். பதில்கள் திரும்ப ஏற்றப்பட்டன. எழுதியவர்களின் கணக்குகள் முடக்கப்பட்டன. எழுதும்போது நம்மளது, விக்கும்போது அவங்களது! இதுக்குப் பேரு பொதுவா?

நான் வங்கிக் குமாஸ்தா. அழிக்கக் கூடாத பதிவு என்றால் என்னவென்று தெரியும். கணக்கை மூடினபிறகும் வாடிக்கையாளரின் அடையாள ஆவணங்களை 5 ஆண்டு வைத்திருக்கச் சட்டம் சொல்கிறது. அதற்குக் காரணம் எழுதியிருக்கிறது, கெடு எழுதியிருக்கிறது. மூட வந்தவரிடம் 'நீங்க போனா லெட்ஜர் கெட்டுடும்' என்று எந்த மேனேஜரும் சொல்ல முடியாது. (டெபாசிட்டை எடுக்காதீங்க என்று கெஞ்சுவார், அது தனிக்கதை.)

எல்லாவற்றையும் அழி என்று நான் சொல்லவில்லை. ஐம்பது பேர் கூடிக் கட்டின சுவத்துல என் கல்லை உருவுறேன்னா மத்தவன் உழைப்பும் சரியும். பேச்சு நிற்கட்டும். பேர் ஏன் நிற்க வேண்டும்? பழைய பதிவுகளைக் கிளறி விரட்டப்படுகிற ஒரு பெண்ணுக்கு அந்தப் பேர்தான் ஆபத்து. யாரும் பதில் சொல்லாத, எதுவும் மேலே கட்டப்படாத ஒரு குறிப்பை எடுப்பதால் யார் சுவர் இடிகிறது?

ஐரோப்பாவில் 2018 முதல் நடப்பிலிருக்கும் தரவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அழிக்கக் கேட்கும் உரிமையைத் தருகிறது; கருத்துரிமைக்கு விலக்கும் வைத்திருக்கிறது. கேட்டவருக்குப் பொதுவாக ஒரு மாதத்தில் பதில் சொல்ல வேண்டும். இங்கே 2023இல் இயற்றிய சட்டத்தின் 12ஆம் பிரிவிலும் அந்த உரிமை இருக்கிறது. ஆனால் 3ஆம் பிரிவைப் படியுங்கள். ஒருவர் தானே பொதுவில் வைத்த சொந்தத் தகவலுக்கு இந்தச் சட்டமே பொருந்தாதாம். இருபது வயசுல சொந்தப் பேருல எழுதினவள் நாற்பதில் அழிக்கக் கேட்டால், நீயேதானே வெச்சே என்று கதவைச் சாத்தலாம். மாணவத் தோழர்கள் சண்டை போட வேண்டிய இடம் இந்த 3ஆம் பிரிவு. தளங்களை நடத்துகிறவர்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை: பேரை எடுக்கச் சொல்லி வருகிறவரிடம் காரணம் கேட்பதை இன்றைக்கே நிறுத்தலாம், பழைய கையெழுத்துகளையும் தேடி எடுக்கலாம்.