நெய்தவர் பெயர் எங்கே?

நாம் அன்றாடம் உடுத்தும் ஆடைகளின் பெயர்களைச் சற்றே நின்று கவனித்தால் ஒன்று புரியும். அவற்றுள் பல, முதலில் ஆடையின் பெயர்களாகவே இருக்கவில்லை. ‘ஜீன்ஸ்’ என்பது இத்தாலியின் துறைமுக நகரமான ஜெனோவாவின் பெயர். அங்கிருந்து வந்த முரட்டுத் துணியை ஆங்கிலேயர்கள் 16ஆம் நூற்றாண்டிலேயே ‘ஜீன்’ என்று அழைத்தார்கள். ‘டெனிம்’ தென் பிரான்சின் நீம் நகரத்திலிருந்து வந்த சொல் என்பது பெரும்பாலான அகராதிகள் தரும் விளக்கம். ‘மஸ்லின்’ ஈராக்கின் மோசுலை நினைவூட்டுகிறது. ‘டமாஸ்க்’ சிரியாவின் டமாஸ்கஸை நினைவூட்டுகிறது.

ஊர்ப் பெயர்கள் இருக்கின்றன. பிரபுக்களின் பெயர்களும் இருக்கின்றன. நெய்தவர், தைத்தவர், சாயமிட்டவர் பெயரைத்தான் காணோம். ஐரோப்பிய ஆடை வரலாற்றைப் படிக்கும் மாணவர்கள் முதலில் கவனிக்கவேண்டியது இந்த விடுபடலைத்தான் என்பது என் கருத்து.

விரிவுரை அரங்கின் குளிருக்குப் பயந்து நம்மில் பலர் பையில் ஒரு கார்டிகன் வைத்திருப்போம். அந்தப் பெயர், 7ஆவது கார்டிகன் பிரபுவான ஜேம்ஸ் புருடெனலிடமிருந்து வந்தது. 1854 அக்டோபர் 25ஆம் தேதி, கிரிமியப் போரின்போது பலக்லாவா என்ற இடத்தில், ஏறத்தாழ 670 குதிரைப்படை வீரர்களை அவர் ரஷ்யப் பீரங்கிகளை நோக்கி நடத்திச் சென்றார். தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட ஒரு கட்டளையின் விளைவு அது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிரபு உயிரோடு திரும்பினார்.

அப்போரில் பிரிட்டிஷ் படைத் தளபதியாக இருந்தவர் ரேக்லன் பிரபு. கழுத்திலிருந்து அக்குள்வரை சாய்வாக இறங்கும் தையல் கொண்ட சட்டைக்கைக்கு இன்றும் ‘ரேக்லன்’ என்றே பெயர். முகத்தை மூடும் கம்பளித் தொப்பிக்குப் போர்க்களத்தின் பெயரே நிலைத்துவிட்டது. ஆக, ஒரே போர் ஆங்கிலத்துக்கு மூன்று ஆடைப் பெயர்களைக் கொடுத்தது. அதே ஆண்டு நவம்பரில் அடித்த புயலில், படையினருக்கான குளிர்கால உடைகளை ஏற்றிவந்த ‘பிரின்ஸ்’ என்ற கப்பல் மூழ்கியது. அந்தக் குளிர்காலத்தில் போதிய உடையின்றி விறைத்து மடிந்த சிப்பாய்களின் பெயர் எந்த ஆடையிலும் ஒட்டவில்லை.

நமக்கு இன்னும் நெருக்கமான சொற்களும் உண்டு. ‘காலிக்கோ’ என்பது கேரளத்தின் கோழிக்கோடு. ‘சின்ட்ஸ்’ என்பது புள்ளி, தெறிப்பு என்று பொருள்படும் இந்திச் சொல்லிலிருந்து வந்தது. 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா இந்தப் பூப்போட்ட பருத்தித் துணிகளின்மீது மோகம் கொண்டு அலைந்தது. அவற்றுள் பல சோழமண்டலக் கரையில் நெய்து, கையால் வரைந்து, சாயம் தோய்த்தவை. டச்சுக்காரர்கள் பழவேற்காட்டிலும் ஆங்கிலேயர்கள் சென்னையிலும் கோட்டை கட்டியதற்கு இந்தத் துணி வணிகம் ஒரு முக்கியக் காரணம். துவைத்தாலும் வெளுக்காத அந்தச் சாயத்தின் நுட்பம் ஐரோப்பியத் தொழிலாளர்களுக்கு அன்று எளிதில் கைவரவில்லை.

போட்டியைச் சமாளிக்க முடியாமல் பிரான்ஸ் 1686 முதல் 1759 வரை அச்சிட்ட பருத்தித் துணிகளுக்குத் தடை போட்டது. இங்கிலாந்தில் 1719ஆம் ஆண்டு, காலிக்கோ உடுத்திய பெண்களின் ஆடைகளை லண்டன் நெசவாளர்கள் தெருவிலேயே கிழித்தார்கள். 1721இல் அங்கும் சட்டம் வந்தது. அது 1774இல்தான் நீங்கியது. ஒரு கண்டத்தையே கலங்கடித்த துணி அது. ஆனால், அதன் பெயரிலிருந்து பிறந்த ‘சின்ட்ஸி’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இன்றுள்ள பொருள், மலிவானது, ரசனையற்றது என்பதே! சாயமிட்டவரின் பெயர் மறைந்தது போதாதென்று, அவருடைய கைவண்ணமே வசைச்சொல்லாகிவிட்டது.

மலாய் மொழிக்கும் இதில் பங்குண்டு. பிரிட்டிஷ் பள்ளிச் சிறுமிகள் கோடைக்காலத்தில் உடுத்தும் கட்டம்போட்ட ‘கிங்கம்’ துணியின் பெயர், கோடுபோட்டது என்று பொருள்படும் ‘கெங்காங்’ என்ற மலாய்ச் சொல்லிலிருந்து டச்சு மொழி வழியாக வந்ததாகப் பல அகராதிகள் கூறுகின்றன. இங்கும் வணிகர் வாயில் புழங்கிய சொல்தான் மிஞ்சியது.

அறியப்பட்ட தையற்காரர் ஒருவரின் கதையும் இப்படித்தான் முடிந்தது. வேலைக்காரர்களின் கால்சட்டைப் பைகள் அடிக்கடி கிழிவதைக் கண்டு, கிழியும் இடங்களில் செம்பு ரிவெட் அடித்தவர் ஜேக்கப் டேவிஸ். ரிகா நகரில் பிறந்து அமெரிக்காவின் ரீனோ நகரில் தையற்கடை வைத்திருந்தவர். காப்புரிமைக்குப் பணம் போதாததால், தமக்குத் துணி விற்ற லீவை ஸ்ட்ராஸைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டார். 1873 மே 20ஆம் தேதி காப்புரிமை கிடைத்தது. இன்று ‘லீவைஸ்’ என்ற பெயரை அறியாதவர் குறைவு. டேவிஸை அறிந்தவர்தான் குறைவு.

“பெயரில் என்ன இருக்கிறது? மொழி அப்படித்தான் வளரும்” என்று சிலர் கேட்கலாம். அது நியாயமான கேள்விதான். யாரும் உட்கார்ந்து சதி செய்து இந்தப் பெயர்களை வைக்கவில்லை. பெயர் சந்தையில் பிறக்கிறது, தறியில் பிறப்பதில்லை. வாங்குபவருக்குத் தெரிந்தது துறைமுகமும் பிரபுவும் வணிகரும்தான். ஆனால், பெயர் தெரியாத இடத்தில் பொறுப்பும் தெரியாமல் போகிறது. அதனால்தான் இதைச் சிறிய விஷயம் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

2013 ஏப்ரல் 24ஆம் தேதி, பங்களாதேஷ் தலைநகர் டாக்காவுக்கு அருகே ‘ரானா பிளாசா’ கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் ஐரோப்பிய, வட அமெரிக்க நிறுவனங்களுக்கு ஆடை தைத்தவர்கள். முதல்நாளே சுவரில் விரிசல் கண்டும் அவர்கள் வேலைக்கு வரவழைக்கப்பட்டார்கள். எந்தெந்த நிறுவனங்களுக்காக அங்கே தைக்கப்பட்டது என்பதை நிரூபிக்க, ஆர்வலர்கள் இடிபாடுகளுக்குள் ஆடைகளின் பெயர்ச்சீட்டுகளைத் தேடினார்கள். பாதிக்கப்பட்டோருக்கான 30 மில்லியன் அமெரிக்க டாலர் இழப்பீட்டு நிதி நிறைவடைய 2015 ஜூன்வரை ஆனது. பெயர்ச்சீட்டில் நிறுவனத்தின் பெயர் இருந்தது. தைத்தவர் எங்கே, எந்தக் கூரையின்கீழ் தைத்தார் என்பது மட்டும் அதில் இல்லை. காலிக்கோ காலத்துப் பழக்கம் இன்னும் மாறவில்லை.

ஜீன்ஸும் கார்டிகனும் வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. நானும் அவற்றை உடுத்துகிறவன்தான். பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் ஆடை வடிவமைப்பு படிப்பவர்கள், ‘ரேக்லன்’ கையை வெட்டக் கற்கும்போதே அந்தப் பெயரின் கதையையும் கற்கவேண்டும். உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் ஒரு வரலாற்றுத் திட்டப்பணிக்குத் தங்கள் அலமாரியிலிருந்தே ஐந்து ஆடைப் பெயர்களை எடுத்து ஆராயலாம். கடைக்குப் போகும்போது விலைச்சீட்டோடு, எந்த நாட்டில் தைத்தது என்ற சீட்டையும் படியுங்கள். சில நிறுவனங்கள் தங்களுக்குத் தைத்துத் தரும் தொழிற்சாலைகளின் பட்டியலை இணையத்தில் வெளியிடுகின்றன. நீங்கள் வழக்கமாக வாங்கும் நிறுவனம் வெளியிடுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், ஏன் இல்லை என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள்.