புதுமடம் வரை கண்ணாடி இழை... ஆபீசுக்குள் மட்டும் ஏன் பழைய லேன் கேபிள்? 'பேசிவ் ஆப்டிகல் லேன்' - முழு விளக்கம்

"சர்வர் டவுன்... நாளைக்கு வாங்க."

அரசு அலுவலக வாசலில் இந்தப் பதிலை ஒருமுறையாவது கேட்காதவர்கள் குறைவு. ஆனால் எல்லா நேரமும் கோளாறு சென்னையில் இருக்கும் சர்வரில் இருப்பதில்லை. சில நேரம் அது அதே கட்டடத்துக்குள், அலமாரிக்குப் பின்னால் தொங்கும் ஒரு சின்னப் பெட்டியில் இருக்கும். இல்லாவிட்டால் அதில் செருகியிருக்கும் லேன் கேபிளின் முனை பச்சை பூத்துப் போயிருக்கும்.

உப்புக்காற்று வீசும் ராமநாதபுரம் கடலோரத்தில் இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் இடையே, மன்னார் வளைகுடா கரையில் இருக்கும் புதுமடம் போன்ற ஊராட்சிகளுக்கு கண்ணாடி இழை இணையம் கொண்டுபோகும் திட்டம் நடக்கிறது. ஊர் வரை இழை வந்துவிட்டால் போதுமா? ஆபீசுக்குள், பள்ளிக்குள், ஆஸ்பத்திரிக்குள் அது எப்படிப் போகும்? இந்தக் கேள்விக்கு உலக அளவில் சொல்லப்படும் ஒரு பதில்தான் 'பேசிவ் ஆப்டிகல் லேன்'.

அப்படின்னா என்ன? நம்ம ஊருக்கு அது சரிப்படுமா? பார்க்கலாம்.

ஊர் வரை வருவது என்ன?

நாட்டின் எல்லா கிராம ஊராட்சிகளையும் கண்ணாடி இழையால் இணைக்கும் திட்டத்துக்கு 2011 அக்டோபரில் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. அதுதான் பிறகு 'பாரத்நெட்' என்று பெயர் மாறியது. தமிழ்நாட்டில் இதன் இரண்டாம் கட்டப் பணியை மாநில அரசின் 'டான்ஃபிநெட்' எனும் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் செய்கிறது. இலக்கு 12,525 கிராம ஊராட்சிகள். திட்ட மதிப்பு சுமார் ரூ.1,815 கோடி. ஒவ்வொரு ஊராட்சிக்கும் 1 ஜிபிபிஎஸ் வேகம் தருவதாக அறிவிப்பு.

இந்த இழையில் 85 சதவீதம் மின்கம்பங்கள் வழியாகவும், 15 சதவீதம் தரைக்கடியிலும் போகிறது. ஊராட்சி சேவை மையத்திலோ வேறு அரசுக் கட்டடத்திலோ ஒரு அறையில் ரேக், ரவுட்டர், யுபிஎஸ் வைக்கப்படும். மாநிலத் திட்டத்தின் இழை அந்த அறை வரை வரும்.

அந்த அறைக்கு அப்புறம்? அங்கிருந்து பள்ளிக் கம்ப்யூட்டருக்கும் விஏஓ அலுவலகத்துக்கும் துணை சுகாதார நிலையத்துக்கும் இணைப்பு போனால்தான் மக்களுக்குப் பலன். இல்லையென்றால், தெருமுனை வரை குடிநீர்க் குழாய் வந்தும் வீட்டுக்குள் தண்ணீர் வராத கதைதான்.

இப்போது ஆபீசுக்குள் என்ன இருக்கிறது?

பெரும்பாலான ஆபீஸ்களில் இருப்பது செம்புக் கம்பி லேன் கேபிள். ஒவ்வொரு கம்ப்யூட்டரில் இருந்தும் ஒரு கேபிள் கிளம்பி 'ஸ்விட்ச்' என்ற பெட்டிக்குப் போகும். இந்தக் கேபிளுக்கு ஒரு எல்லை உண்டு: 100 மீட்டர். அதைத் தாண்டினால் இடையில் இன்னொரு ஸ்விட்ச் வேண்டும்.

அதனால் பெரிய கட்டடங்களில் மாடிக்கு ஒரு ஸ்விட்ச் அறை தேவைப்படுகிறது. ஒவ்வொன்றுக்கும் மின்சாரம், யுபிஎஸ், பல இடங்களில் ஏசியும் வேண்டும். ஒரு ஸ்விட்ச் படுத்தால், அதில் தொங்கும் அத்தனை கம்ப்யூட்டரும் சேர்ந்து படுக்கும்.

பேசிவ் ஆப்டிகல் லேன் - அப்படின்னா?

வீட்டுக்கு ஃபைபர் இணையம் வாங்கியிருக்கிறீர்களா? அப்படியென்றால் இந்தத் தொழில்நுட்பம் ஏற்கெனவே உங்கள் வீட்டுச் சுவரில் இருக்க வாய்ப்பு அதிகம். அதையே ஆபீசுக்குள் கொண்டுவந்தால் அதுதான் பேசிவ் ஆப்டிகல் லேன்.

இதில் மூன்றே பாகங்கள்:

▪ ஓஎல்டி: மைய அறையில் இருக்கும் தலைமைப் பெட்டி. இதற்கு மின்சாரம் வேண்டும்.

▪ ஸ்பிளிட்டர்: ஒரு இழையில் வரும் ஒளியை 16, 32, 64 எனப் பிரிக்கும் சிறிய கண்ணாடிப் பாகம். இதற்கு மின்சாரமே வேண்டாம். ஏசியும் வேண்டாம். 'பேசிவ்' என்ற பெயர் வந்ததே இதனால்தான்.

▪ ஓஎன்டி: மேசைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னப் பெட்டி. ஒளியை மறுபடியும் கம்ப்யூட்டருக்குப் புரியும் மின் சமிக்ஞையாக மாற்றித் தரும்.

பரவலாக இருக்கும் 'ஜிபான்' வகையில் கீழ்நோக்கி வரும் வேகம் சுமார் 2.5 ஜிபிபிஎஸ், மேல்நோக்கிப் போவது சுமார் 1.25 ஜிபிபிஎஸ். சாதாரணமாக 20 கிலோமீட்டர் வரை எட்டும். 100 மீட்டர் எங்கே, 20 கிலோமீட்டர் எங்கே!

எளிமையாகச் சொன்னால், நடுவழியில் மின்சாரம் கேட்கும் பெட்டி எதுவும் கிடையாது. இரண்டு முனைகளில் மட்டும்தான் மின்சாரம்.

யார் செய்து பார்த்திருக்கிறார்கள்?

அதிகம் பேசப்படும் உதாரணம் அமெரிக்காவின் சாண்டியா தேசிய ஆய்வகம். 265 கட்டடங்கள், சுமார் 13,000 இணைப்புகள் கொண்ட தன் வளாகத்தை இந்த முறைக்கு மாற்றியது. மின்செலவில் 65 சதவீதம் குறையும், 5 ஆண்டுகளில் 2 கோடி டாலர் மிச்சமாகும் என்று 2012-ல் அந்த ஆய்வகம் மதிப்பிட்டது.

இந்தியாவுக்கும் இது புதுசு இல்லை. மத்திய அரசின் 'சி-டாட்' நிறுவனம் உள்நாட்டிலேயே ஜிபான் கருவிகளை உருவாக்கியது. பாரத்நெட் முதல் கட்டத்தில் ஒன்றியத் தலைமையிடத்தில் இருந்து ஊராட்சிகளை இணைக்கப் பயன்பட்டதும் ஜிபான்தான். ஆக, ஊர்களை இணைத்த அதே முறையைக் கட்டடங்களுக்குள் கொண்டுபோகலாமா என்பதுதான் இங்கே கேள்வி.

புதுமடம் பக்கம் இது ஏன் முக்கியம்?

முதல் காரணம் உப்பு. பாம்பன், மண்டபம் பகுதி உலகிலேயே கடுமையான அரிப்புச் சூழல் கொண்ட இடங்களில் ஒன்று. காரைக்குடி 'சிக்ரி' ஆய்வகம் மண்டபத்தில் அரிப்புச் சோதனை நிலையமே வைத்திருக்கிறது. 1914-ல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலம் துரு அரித்துப் பலவீனமானதால், 2022 டிசம்பரில் அதில் ரயில்கள் நிறுத்தப்பட்டன. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது. இரும்புப் பாலத்துக்கே இந்தக் கதி என்றால், லேன் கேபிள் முனையில் இருக்கும் மெல்லிய உலோகத் தகடு எம்மாத்திரம்? கண்ணாடி துருப்பிடிக்காது.

இரண்டாவது காரணம் இடி, மின்னல். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஒரு கட்டடத்தில் இருந்து இன்னொரு கட்டடத்துக்கு வெளியே இழுத்த செம்புக் கேபிள் ஆபத்தானது. பக்கத்தில் மின்னல் இறங்கினால்கூட அதிகப்படியான மின்னழுத்தம் கேபிள் வழியாக உள்ளே வந்து கருவிகளைக் கருக்கிவிடும். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் ஒரு எச்சரிக்கை: தாங்குகம்பி போன்ற உலோகம் சேர்ந்த கேபிளாக இருந்தால் இந்தப் பாதுகாப்பு முழுசாகக் கிடைக்காது.

மூன்றாவது, தூரம். கிராமத்தில் ஊராட்சி அலுவலகம் ஒரு தெருவில், பள்ளி இன்னொரு பக்கம், ரேஷன் கடை வேறொரு மூலையில் இருக்கும். 100 மீட்டர் கேபிள் இங்கே எதற்கும் பத்தாது. ஊராட்சி அறையில் ஒரு ஓஎல்டி, நடுவில் ஒரு ஸ்பிளிட்டர், ஒவ்வொரு கட்டடத்திலும் ஒரு ஓஎன்டி வைத்தால், ஊரே ஒரு ஆபீஸ் போல ஒரே வலையில் வந்துவிடும். ஒரே இழையில் போனாலும் பள்ளிக்குத் தனி, சுகாதார நிலையத்துக்குத் தனி என்று தடங்களைப் பிரித்து வைக்க முடியும்.

அப்போ எல்லா ஆபீசையும் மாத்திடலாமா?

வேண்டாம். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள்.

ஐந்தாறு கம்ப்யூட்டர் மட்டும் இருக்கும் ஊராட்சி அலுவலகத்துக்குள் ஓஎல்டி வைத்து, மேசைக்கு மேசை ஓஎன்டி கொடுப்பது ஈ அடிக்க பீரங்கி வாங்குவது மாதிரி. அங்கே ஒரு சாதாரண ஸ்விட்சும் நல்ல கேபிளும் போதும். இரண்டே கட்டடங்களை இணைக்க வேண்டுமென்றால், ஸ்பிளிட்டர் எதுவும் இல்லாமல் நேராக ஒரு ஃபைபர் இழுத்தாலே வேலை முடிந்தது.

மாவட்ட ஆட்சியர் அலுவலகம், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, கல்லூரி வளாகம் போல நூற்றுக்கணக்கான இணைப்புகளும் பல மாடிகளும் கட்டடங்களும் இருக்கும் இடத்தில்தான் கணக்கு மாறுகிறது. மாடிக்கு மாடி ஸ்விட்ச் அறை, ஏசி, யுபிஎஸ் எல்லாம் மிச்சமாகும். அதேபோல, பரந்து கிடக்கும் கிராமத்தின் அரசுக் கட்டடங்களைச் சேர்த்துக் கட்டும்போதும் இது யோசிக்கத்தக்க வழி.

இதுல என்ன சிக்கல்?

▪ வேகம் பங்குதான்: 2.5 ஜிபிபிஎஸ்-ஐ 32 பேர் ஒரே நேரத்தில் முழுசாக இழுத்தால், ஆளுக்கு 78 எம்பிபிஎஸ் அளவில்தான் கிடைக்கும். இணையதளம், சான்றிதழ் விண்ணப்பம், ஆன்லைன் வகுப்புக்கு அது தாராளம். ஸ்கேன் படங்களை அனுப்பும் மருத்துவமனைக்கு 10 ஜிபிபிஎஸ் தரும் புதிய வகை தேவைப்படலாம்.

▪ பக்கத்து மேசைக்கும் சுற்றுவழி: ஒரே அறையில் இருக்கும் இரண்டு கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்வதற்கும் தகவல் மைய ஓஎல்டி வரை போய்த்தான் திரும்பும். ஆபீசுக்குள்ளேயே பெரிய கோப்புகளைப் பரிமாறுபவர்களுக்குப் பழைய ஸ்விட்ச் முறையே வசதி.

▪ கரன்ட் போனால்: ஸ்பிளிட்டருக்கு மின்சாரம் வேண்டாம், சரி. ஆனால் ஓஎன்டிக்கு வேண்டும். முன்பு ஸ்விட்ச் அறையில் ஒரு யுபிஎஸ் போதும், அங்கிருந்து செம்புக் கேபிள் வழியாகவே டெலிபோனுக்கும் சிசிடிவி கேமராவுக்கும் மின்சாரம் போகும். கண்ணாடி இழை ஒளியை மட்டுமே சுமக்கும். எனவே ஓஎன்டி இருக்கும் ஒவ்வொரு இடத்திலும் பேக்கப் வேண்டும்.

▪ உப்பு முழுசாக விடாது: இழை துருப்பிடிக்காதே தவிர, இரு முனைகளிலும் இருக்கும் பெட்டிகள் எலெக்ட்ரானிக் கருவிகள்தான். ஓஎன்டியில் இருந்து கம்ப்யூட்டருக்குப் போகும் சின்ன வயரும் செம்புதான். அரிபடும் இடங்கள் குறையும், ஆனால் இல்லாமல் போகாது.

▪ ஒட்டுப்போட ஆள்: லேன் கேபிள் முனையை ஊரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்பவரே மாற்றிவிடுவார். அறுந்த இழையை ஒட்ட ஸ்பிளைசிங் மெஷினும் பயிற்சி பெற்றவரும் வேண்டும். இணைப்பு முனையில் தூசி படிந்தால்கூட சிக்னல் குறையும்.

புயல் சொல்லித்தந்த பாடம்

எல்லாவற்றையும் விடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. ஜிபான் அமைப்பு மரம் மாதிரி. அடிமரத்தை வெட்டினால் அத்தனை கிளையும் போச்சு. ஓஎல்டிக்கும் ஸ்பிளிட்டருக்கும் நடுவே இழை அறுந்தால், அதற்குக் கீழே இருக்கும் எல்லா அலுவலகமும் ஒரே நேரத்தில் முடங்கும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. 2023 ஆகஸ்டில் ரூ.1.39 லட்சம் கோடியில் ஒப்புதல் தரப்பட்ட திருத்தப்பட்ட பாரத்நெட் திட்டம், ஊராட்சிகளை வளைய வடிவில் இணைக்கச் சொல்கிறது. வளையத்தில் ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் வழியாகத் தகவல் வந்து சேரும்.

2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா கடலோரத்தில் மின்கம்பங்களைச் சரித்துப் போட்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இழையின் பெரும்பகுதி மின்கம்பத்தில்தான் தொங்குகிறது என்றால், கம்பம் சாயும்போது இழையும் சாயும். புயல் நேரத்தில்தான் மீனவ கிராமங்களுக்குத் தகவல் தொடர்பு மிக அவசியம். எனவே கடலோர ஊருக்குள் இந்த முறையைக் கொண்டுவந்தால், ஓஎல்டியில் இருந்து இரண்டு தனித்தனி வழிகளில் இழை போவதையும், அவற்றில் ஒன்றாவது தரைக்கடியில் போவதையும் உறுதி செய்ய வேண்டும்.

என்ன கேட்க வேண்டும்?

ஃபைபர் வரும் ஊராட்சியின் கிராம சபையில் மக்கள் கேட்க வேண்டிய கேள்விகள் இவை:

▪ ஊராட்சி அறையில் இருந்து பள்ளி, சுகாதார நிலையம் வரை இணைப்பு இழுப்பது யார் பொறுப்பு? அதற்கான பணம் எந்தக் கணக்கில்?

▪ அறையின் யுபிஎஸ் பேட்டரியை மாற்றுவது யார்? அறை பூட்டிக் கிடந்தால் சாவி யாரிடம்?

▪ இழை அறுந்தால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார்?

▪ கூடுதல் ஓஎன்டி ஒன்றிரண்டு கையிருப்பில் இருக்குமா? வேறு நிறுவனத்தின் ஓஎன்டியும் அதே ஓஎல்டியோடு வேலை செய்யுமா?

கடைசிக் கேள்வி டெண்டர் போடும் அதிகாரிகளுக்கு இன்னும் முக்கியம். ஒரே நிறுவனத்தின் பெட்டிதான் பொருந்தும் என்று மாட்டிக்கொண்டால், அடுத்த பத்து வருஷமும் அவர்கள் சொல்வதுதான் விலை.

சுருக்கமாக...

பெரிய வளாகத்துக்கும் சிதறிக் கிடக்கும் அரசுக் கட்டடங்களுக்கும் பேசிவ் ஆப்டிகல் லேன் நல்ல வழி. நாலு மேசை உள்ள அலுவலகத்துக்கு அது வீண் செலவு. உப்பையும் மின்னலையும் கண்ணாடி இழை தாங்கும். ஆனால் பூட்டிய அறை, செத்த பேட்டரி, ஆள் வராத பழுது ஆகியவற்றை எந்தத் தொழில்நுட்பமும் சரிசெய்யாது. அதற்குப் பொறுப்பான ஒருவரின் பெயரும் போன் நம்பரும் அந்த அறைக் கதவில் எழுதியிருந்தால்தான், புதுமடம் போன்ற ஊர்களில் "சர்வர் டவுன், நாளைக்கு வாங்க" என்ற பதில் குறையும்.