ஒன்பது மணி வைத்தியர்



கேளம்பாக்கத்தில் கோவளம் சாலை பிரியும் இடத்துக்குப் பக்கத்தில் முப்பது வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். கண் துணியில் இருக்கும், கால் மிதியில் இருக்கும், காது மட்டும் சும்மா இருக்கும். அதனால் காலையில் போடும் ரேடியோவை இரவு ஷட்டர் இறக்கும்போதுதான் அணைப்பேன். ரேடியோ மேல் எனக்கு எந்தப் புகாரும் இருந்ததில்லை. இப்போது இருக்கிறது.

காலை ஒன்பது மணிக்கு ஒரு தனியார் பண்பலையில் அரை மணி நேரம் உடல்நல உரையாடல் வருகிறது. ஆர்ஜே கேட்பார், ‘வைத்தியர் ஐயா’ பதில் சொல்வார். சர்க்கரையில் ஆரம்பித்தாலும் தூக்கமின்மையில் ஆரம்பித்தாலும் வந்து சேரும் இடம் ஒரு செல்பேசி எண்தான். அதை மூன்று முறை சொல்வார்கள். நேயர்களும் பேசுவார்கள். ஜூன் மாதம் விழுப்புரத்திலிருந்து பேசுவதாகச் சொல்லி, நாற்பது நாளில் முட்டிவலி போய்விட்டது என்று குரல் தழுதழுத்த ஓர் அம்மாள், தீபாவளிக்கு முன்பு அரக்கோணத்திலிருந்து பேசினார். இந்த முறை போனது சர்க்கரை. ‘ங்க’வை இழுக்கும் இழுப்பு கூட மாறவில்லை. நாள் முழுக்கக் கேட்கிறவனிடம் இந்த வேலை செல்லாது.

ஆனால் அதற்குள் என் வீட்டம்மா ஏமாந்திருந்தார். மாத்திரை கிட்னியைத் தின்றுவிடும் என்று வைத்தியர் சொன்னதை நம்பி ஆவணியில் சர்க்கரை மாத்திரையை நிறுத்தினார். கூரியரில் சூரணம் வந்தது, 3,800 ரூபாய். எனக்குச் சொல்லவில்லை. சொன்னால் நான் திட்டுவேன் என்று நினைத்தாராம், அதுவும் சரிதான். புரட்டாசியில் ஒருநாள் அடுப்படியில் தலைசுற்றி உட்கார்ந்தவரைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சர்க்கரை 412. நான்கு நாள் ஆஸ்பத்திரி.

அவர் நிறுத்தியது காசு கொடுத்து வாங்கிய மாத்திரைகூட இல்லை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் தன்னார்வலர் பெண் வீடு தேடி வந்து கொடுத்துவிட்டுப் போனது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் அது. அரசு படியேறி வந்து கையில் கொடுப்பதை, அரசிடமே அனுமதி வாங்கி நடக்கும் ஒரு பண்பலை காது வழியாகப் புகுந்து பிடுங்கிக்கொள்கிறது.

கறுப்பு அங்கி தைக்க வந்த வக்கீல் ஒருவரிடம் இதற்குச் சட்டம் இல்லையா என்று கேட்டேன். 1954-லேயே இருக்கிறதாம். மருந்துகள் மற்றும் மாய சிகிச்சைகள் சட்டம். அதன் அட்டவணையில் 54 நோய்கள். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, புற்றுநோய், கண்புரை, பக்கவாதம் எல்லாம் அதில் உண்டு. இவற்றைக் குணமாக்கும் என்று எந்த மருந்துக்கும் விளம்பரம் செய்யக் கூடாது. முதல் தடவை மாட்டினால் ஆறு மாதம் வரை சிறை, மறுபடி செய்தால் ஒரு வருடம். விளம்பரம் என்றால் அச்சடித்தது மட்டும் என்று தப்பிக்கவும் வழியில்லை. வாயால் சொல்வது, ஒலியாகப் பரப்புவது, புகையால் காட்டுவது வரை அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். புகையை யோசித்தவர்கள் ரேடியோவை மறந்திருப்பார்களா?

2024 மே 7 அன்று உச்ச நீதிமன்றமும், விளம்பரம் தவறான தகவல் தரவில்லை என்று விளம்பரதாரர் சுய உறுதிச் சான்று கொடுத்த பிறகே டிவியிலும் ரேடியோவிலும் அதை ஒலிபரப்ப வேண்டும் என்று உத்தரவிட்டது. பதஞ்சலி வழக்கில். ஆனால் ஒன்பது மணிக்கு வருவதை யாரும் விளம்பரம் என்று சொல்வதில்லையே. அது ‘உரையாடல்’. ஓட்டை அங்கேதான் இருக்கிறது.

இன்னொரு கூத்து. தனியார் பண்பலைகள் சொந்தமாகச் செய்தி வாசிக்க அனுமதி கிடையாது. ஆகாசவாணியின் செய்தியை அப்படியே ஒலிபரப்பலாம், அவ்வளவுதான். அதாவது போலி மருத்துவர் ஒருவர் கைதானால் அதைத் தன் செய்தியாகச் சொல்ல முடியாத நிலையம், அவருக்கே அரை மணி நேரத்தை விற்கலாம்.

நான் சித்த மருத்துவத்துக்கு எதிரி என்று யாரும் எழுத வேண்டாம். தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்கு முதுகுவலிக்காக நானே போயிருக்கிறேன். வரிசையில் உட்கார வைத்தார்கள், நாடி பார்த்தார்கள், ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார்கள். நாற்பது நாள் கணக்கு யாரும் சொல்லவில்லை.

ரேடியோவில் உடம்பைப் பற்றிப் பேசவே கூடாது என்பதும் என் கட்சி இல்லை. நீலகிரியில் ‘ரேடியோ கோத்தகிரி’ என்ற சமுதாய வானொலி 90.4-ல் மலைமக்களின் மொழிகளிலேயே பேசுகிறது. நம் பக்கத்தில் பேசவா விஷயம் இல்லை? மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இருக்கிறது. நாட்டின் பாம்புக்கடி மருந்துக்கான நஞ்சில் பெரும்பகுதி அங்கிருந்துதான் போகிறது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் கையில் பிடித்துப் பழகிய ஒருவரை மைக் முன்னால் உட்கார வையுங்கள். கடித்தால் கட்டுப் போடாதே, கீறாதே, ஆஸ்பத்திரிக்கு ஓடு என்று அவர் சொன்னால் ஏரிக்கரையில் குடியிருக்கிறவன் கேட்பான். உப்பளத்தில் வேலை செய்கிற பெண்களிடம் தினம் மூன்று லிட்டர் தண்ணீர் குடியுங்கள் என்கிறார் வைத்தியர். ஒதுங்க இடமில்லாமல் தண்ணீரே குடிக்காமல் சாயங்காலம் வரை நிற்கிறவர்கள் அவர்கள். அவர்களில் ஒருத்தியைப் பேசவிட்டால் வைத்தியர் ஐயா என்ன பதில் சொல்வார் என்று கேட்க எனக்கு ஆசை.

தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடமும் மாவட்ட ஆட்சியரிடமும் நான் கேட்பது பெரிதல்ல. காசு வாங்கிக்கொண்டு ஒலிபரப்பும் நேரம் என்றால் தொடங்கும்போதும் முடியும்போதும், இடையில் சேருகிறவர்களுக்காக நடுவிலும் அதைச் சொல்லட்டும். பேசுகிறவரின் மருத்துவப் பதிவு எண்ணை, அந்தச் செல்பேசி எண்ணைப் போலவே மூன்று முறை சொல்லட்டும். அட்டவணையில் உள்ள நோயின் பெயரைச் சொல்லி மருந்து விற்றால் வழக்குப் போடட்டும்.

வீட்டம்மா இப்போது மாத்திரை சாப்பிடுகிறார். ஒன்பது மணிக்கு நான் ரேடியோவை அணைத்துவிடுகிறேன். பக்கத்து டீக்கடையில் அதே நிகழ்ச்சி சத்தமாக ஓடுகிறது. இரவு ஷிப்ட் முடித்து சிறுசேரியிலிருந்து வரும் செக்யூரிட்டிகள் கிளாஸைக் கையில் பிடித்தபடி நின்று கேட்கிறார்கள். போன வாரம் ஒருவர் என்னிடம் அந்த எண்ணை எழுதிக்கொள்ளப் பேனா கேட்டார்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரர்,
கேளம்பாக்கம்.