சுவர் இருந்தால்தான் சித்திரம்

‘சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும்’ என்பது நம் முன்னோர் மொழி. கணினியில் படம் தீட்ட விரும்பும் மாணவியருக்கும் இது பொருந்தும். அங்கே சுவர் என்பது கணினியை நடத்தும் இயங்குதளம். சித்திரத்துக்குத் தூரிகையாவது ஓவியச் செயலி.

நம்முள் வரையும் ஆற்றல் பெற்றோர் பலர். ஆனால் விலையுயர்ந்த செயலிக்கு மாதந்தோறும் சந்தா கட்ட நம் பெற்றோரால் இயலுமா? “திருட்டுப் பிரதி கிடைக்கிறதே!” என்பர் சிலர். பிறர் உழைப்பைக் களவாடித் தீட்டும் படம் எத்துணை அழகாயினும் நமக்குப் பெருமை தாராது. நேர்வழி இருக்கையில் குறுக்கு வழி எதற்கு?

அந்நேர்வழியே கிரிட்டா என்னும் இலவச ஓவியச் செயலி. பிரெஞ்சு ஓவியர் டேவிட் ரெவோய் 2014 முதல் ‘பெப்பர் அண்டு கேரட்’ என்னும் படக்கதையை இதில்தான் வரைந்து வருகிறார். இலவசம் என்பதால் இளக்காரம் வேண்டாம்! கிரிட்டா விண்டோஸிலும் இயங்கும். ஆயினும் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. பழைய கணினிகள் பல விண்டோஸ் 11-ஐ ஏற்பதில்லை. அவற்றை மூலையில் போடாமல் மீண்டும் உழைக்க வைப்பது லினக்ஸ்.

லினக்ஸில் உபுண்டு, மின்ட், டெபியன், ஃபெடோரா எனப் பல வகைகள் உண்டு. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அவற்றுள் ஒன்று. இவற்றுள் எது சிறந்தது? இக்கேள்வியே பொருந்தாது என்பது நம் கருத்து. நம் ஒடுகத்தூர் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஆடு பிடிப்பவர், உலகிலேயே உயர்ந்த ஆட்டையா தேடுகிறார்? பல்லைப் பார்க்கிறார், தம் வீட்டுத் தீவனத்தையும் எண்ணிப் பார்க்கிறார். நாமும் அவ்வாறே தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலில் கணினியின் வலுவைக் காண்போம். நினைவகம் 4 ஜி.பி. மட்டுமே எனில், மின்ட்டின் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்புப் போன்ற இலகுவான ஒன்றே போதும். அடுத்து, அருகில் உதவக்கூடியவர் எதை அறிந்திருக்கிறார் என்று கேட்போம். திரை இருண்டுவிட்டால் ஒவ்வொரு முறையும் வேலூருக்கு ஓட முடியுமா? நிறுவுவதற்கு முன் பென் டிரைவிலிருந்தே இயக்கிப் பார்ப்போம். வரைபலகை இருந்தால் பேனாவின் அழுத்தத்துக்கேற்பக் கோடு தடிக்கிறதா என்றும் சோதிப்போம். தவறான இடத்தில் நிறுவினால் கோப்புகள் அழிந்துவிடும். ஆகவே அவற்றை முன்கூட்டியே வேறிடத்தில் படியெடுத்து வைப்போம்.

பிறகு மென்பொருள் மேலாளரில் கிரிட்டாவைத் தேடி நிறுவலாம். அது பழைய பதிப்பாக இருந்தால், கிரிட்டா குழுவினரே தரும் ‘ஆப்இமேஜ்’ கோப்பைப் பதிவிறக்கி, இயங்க அனுமதி கொடுத்து, இருமுறை சொடுக்கினால் போதும். புதிய தூரிகைக்காகச் சுவரையே இடிக்க வேண்டியதில்லை!

பள்ளிக் கணினிகள் அனைத்திலும் ஒரே வகை லினக்ஸை நிறுவ வேண்டும் என்பதே நம் விருப்பம். அப்போது ஒருத்தி கற்றதைப் பத்துப் பேருக்குக் கற்பிக்கலாம். சவ்வாது மலைச் சரிவும் சந்தைக் கூட்டமும் நம் கைவண்ணத்துக்காகக் காத்திருக்கின்றன. தோழியரே, சுவரை எழுப்புவோம், சித்திரம் தீட்டுவோம்!