மிதிவெடி புதைந்த காணியில் என்ன விளையும்?

இலங்கையின் வடக்கில் கண்ணிவெடி எடுக்க வெளிநாடுகள் கொடுக்கும் பணத்தைப் பற்றிப் பேச்சு எடுத்தால் போதும், நகரத்து நண்பர்கள் இரண்டு பதிலைத் தயாராக வைத்திருக்கிறார்கள். ஒன்று, "அதெல்லாம் என்.ஜி.ஓ. வியாபாரம் சார்". இன்னொன்று, "புதைச்சவனே எடுக்கட்டும்". கேக்க நல்லாத்தான் இருக்கு, மண்ணுல கை வைக்காதவங்களுக்கு.

நான் திண்டிவனம் பக்கத்து விவசாயி. மல்லாட்டைதான் எங்க பயிர். இங்கே இருக்கும் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ரகங்களுக்கு டி.எம்.வி. என்று எங்க ஊர்ப் பெயரே வைத்திருக்கிறார்கள். மல்லாட்டைக் காய் எவ்வளவு ஆழத்துல இருக்கும்? நாலு விரல், அஞ்சு விரல். காலை எடுக்கிற மிதிவெடியும் ஏறக்குறைய அந்த ஆழத்தில்தான் கிடக்கும். ஏர் ஓட்டினாலும், களை கொத்தினாலும், செடியைப் பிடுங்கினாலும் கை அங்கதான் போகும். அப்படிப்பட்ட நிலத்தில் உரம், விதை, மானியம் பற்றியெல்லாம் பேசி என்ன பிரயோஜனம்?

முகமாலை என்று ஒரு ஊர். ஏ-9 சாலையில், பளைக்குப் பக்கத்தில். 2000லிருந்து சண்டை முடியும் காலம் வரை ராணுவத்துக்கும் புலிகளுக்கும் நடுவில் இருந்த முன்னரங்கக் கோடு அந்த வழியாகத்தான் போனது. கிளாலியிலிருந்து நாகர்கோவில் வரை (நம்ம நாகர்கோவில் இல்லை, அங்கேயும் ஒரு நாகர்கோவில் உண்டு). ராணுவம் வைத்ததில் பாகிஸ்தான் தயாரிப்பான பி-4, புலிகள் வைத்ததில் அவர்களே செய்த ஜொனி. பி-4ல் இரும்பு கொஞ்சம்தான். கருவி சரியாகக் கத்தாது. அதனால் பல் வைத்த வாருகோலால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். வெயிலில் முகக்கவசம் போட்டுக்கொண்டு, மண்டியிட்டு, ஒரு நாளைக்குச் சில சதுர மீட்டர். அந்த வேலையைச் செய்பவர்களில் நிறையப் பேர் போரில் புருஷனை இழந்த வன்னிப் பெண்கள்.

இப்ப அந்த "என்.ஜி.ஓ. வியாபாரம்" எங்க போகுதுன்னு பாருங்க. ஹாலோ டிரஸ்ட், மேக் மாதிரி வெளிநாட்டு அமைப்புகளும், டாஷ், ஷார்ப் என்ற இலங்கை அமைப்புகளும் இந்த வேலையைச் செய்கின்றன. பணத்தில் பெரும்பங்கு அந்த ஆட்களின் கூலிதான். கணக்கில் தப்பு இருந்தால் கேளுங்கள், கேட்கத்தான் வேண்டும். ஆனால் கணக்கு கேட்பது வேறு, வேலையே வேண்டாம் என்பது வேறு.

"புதைச்சவனே எடுக்கட்டும்" என்பதற்கும் பதில் சொல்கிறேன். புதைத்தவர்களில் ஒரு தரப்பு 2009 மே மாதத்தோடு இல்லை. இன்னொரு தரப்பான ராணுவமும் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் அது மட்டும் போதாது. ஒரு வெடி செய்ய 3 டாலரிலிருந்து 30 டாலர், அதை எடுக்க 300லிருந்து 1,000 டாலர் என்பது ஐ.நா. சொல்லும் பழைய கணக்கு. 2022ல் டீசல் வாங்கவே காசில்லாமல் திண்டாடிய நாடு அதைத் தனியாகச் சுமக்குமா? நீதி பேசிக்கொண்டு நாம் காத்திருக்கலாம். மாடு மேய்க்கப் போகிற பையன் காத்திருக்க முடியாது.

இலங்கை 2017 டிசம்பரில் ஒட்டாவா ஒப்பந்தத்தில் சேர்ந்தது. 2028 ஜூனுக்குள் எல்லா வெடியையும் எடுத்து முடிக்கணும். ஆனால் 2025 ஜனவரியில் அமெரிக்கா, உலகம் முழுக்கத் தான் கொடுத்துவந்த கண்ணிவெடி அகற்றும் நிதியை ஒரே உத்தரவில் நிறுத்தி வைத்தது. வாஷிங்டனில் ஒரு கையெழுத்து, வன்னியில் ஒரு வயல். இந்த நிலைமை வரக்கூடாது என்றால் பக்கத்து வீட்டுக்காரன் தோள் கொடுக்கணும். அந்தப் பக்கத்து வீட்டுக்காரன் யாரு? ஜப்பானா, நார்வேயா? திண்டிவனத்திலிருந்து யாழ்ப்பாணம் நேர்கோட்டில் 300 கிலோமீட்டர்கூட இல்லை.

இந்தியா ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2009க்குப் பிறகு முன்னாள் ராணுவத்தினர் குழுக்களை வெடி எடுக்க அனுப்பியது. 500 டிராக்டர் கொடுத்தது. 50,000 வீடுகள் திட்டத்தை அறிவித்துக் கட்டியது. ஆனால் டிராக்டர் ஓடணும்னா நிலம் சுத்தமாக இருக்கணும். இன்னொரு விஷயம், ஒட்டாவா ஒப்பந்தத்தில் இந்தியாவே இன்னும் சேரவில்லை. 2001 டிசம்பரில் பஞ்சாப், ராஜஸ்தான் எல்லை வயல்களில் நம்ம ராணுவம் வெடி புதைத்தபோது கஷ்டப்பட்டதும் விவசாயிகள்தான்.

மாநில அரசால் முடியாது என்றும் சொல்லாதீர்கள். 2022 ஏப்ரலில் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டு, மத்திய அரசின் அனுமதி வாங்கி, 40,000 டன் அரிசியும் 500 டன் பால் பவுடரும் மருந்தும் அனுப்பத் திட்டம் போட்டோம். மே மாதமே சென்னையிலிருந்து முதல் கப்பல் கிளம்பியது. அரிசி அனுப்பத் தெரிந்தவர்களுக்கு, அரிசி விளையும் நிலத்தை மீட்கக் கைகொடுக்கவும் முடியும்.

மரக்காணம் பக்கத்தில் கீழ்புத்துப்பட்டு முகாம் இருக்கிறது. தமிழ்நாட்டு முகாம்களுக்கு 2021ல் "மறுவாழ்வு முகாம்" என்று பெயர் மாற்றினோம், நல்லது. எங்க விழுப்புரம் பக்கம் காணி என்றால் ஒரு அளவு, 1.32 ஏக்கர். அவர்களுக்குக் காணி என்றால் நிலம், சொந்த மண். அந்தக் காணியில் கால் வைக்க முடியாதவரை மறுவாழ்வு பெயர்ப்பலகையில்தான் இருக்கும்.

வெடி எடுத்தால் மட்டும் போதாது என்பதும் தெரியும். 2017ல் கேப்பாப்புலவு மக்கள் படையினர் பிடித்திருந்த தங்கள் நிலத்துக்காக ரோட்டில் உட்கார்ந்தார்கள். அதனால்தான் சொல்கிறேன், உதவி கொடுக்கிறவன் கேட்க வேண்டிய நிபந்தனை ஒன்றே ஒன்று: சுத்தம் செய்த நிலம் உழுதவன் கைக்குப் போகணும், முகாமுக்கோ வனத்துறைக்கோ இல்லை.

மே மாதம் வந்தால் மெழுகுவத்தி ஏற்றிப் படம் போடுகிறீர்கள். போடுங்க. கூடவே உங்க எம்.பி.க்கு ஒரு கடிதம் எழுதுங்க: 2028 ஜூன் வரை கண்ணிவெடி அகற்ற இந்தியா எவ்வளவு கொடுக்கப் போகிறது, தமிழ்நாடு எவ்வளவு சேர்க்கப் போகிறது, அந்த நிலம் யாருக்குப் போகும் என்று. பதில் வந்தால் எனக்கும் அனுப்புங்கள், இங்கேயே போடுகிறேன்.