கடலில் எடுத்ததா, கரையில் எடுத்ததா?

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் தலைமை ஆணையர் அவர்களுக்கு,

‘கடல் பிளாஸ்டிக்கால் ஆனது’ என்ற அட்டையோடு டி-ஷர்ட்டும் நீச்சலுடையும் காலணியும் விற்பனைக்கு வருகின்றன. கடலுக்கு ஏதோ நல்லது செய்கிறோம் என்று நம்பி, மக்கள் கூடுதல் விலை கொடுத்தும் வாங்குகிறார்கள். அப்படி நம்புகிறவர்களுக்கு உண்மை தெரிந்தாக வேண்டும்.

பாலியெஸ்டர் மறுசுழற்சி நூல் பெரும்பாலும் பெட் பாட்டிலிலிருந்து வருகிறது. பெட் தண்ணீரைவிடக் கனமானது. மூடி கழன்று நீர் புகுந்தால் பாட்டில் கடலடிக்குப் போய்விடும். மிதந்து கரை ஒதுங்குவதோ வெயிலிலும் உப்பிலும் நைந்திருக்கும். அதில் நல்ல நூல் இழுப்பது கடினம். அதனால் தொழிலில் வேறொரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள், குப்பை முறையாக அள்ளப்படாத இடத்தில் எடுத்ததென்றால் அது ‘கடலுக்குப் போகவிருந்த பிளாஸ்டிக்’. செங்கல்பட்டில் தெருவோரம் கிடந்த பாட்டிலும் இதற்குள் வந்துவிடலாம். 2015இல் அடிடாஸ் கைகோத்த பார்லி அமைப்பின் ‘கடல் பிளாஸ்டிக்’கூடத் தீவுகளிலும் கடற்கரைகளிலும் கரையோர ஊர்களிலும் சேகரித்ததுதான்.

கடலுக்குப் போகுமுன் தடுப்பது அருமையான வேலை. குப்பை பொறுக்கி, பழைய பொருள் கடையில் எடைக்குப் போடும் பெண்களின் உழைப்பு அது. அதை அதன் பெயரைச் சொல்லியே விற்கலாமே!

உண்மையிலேயே கடலிலிருந்து வருவதில் முக்கியமானது மீன்வலை. இத்தாலியின் அக்வாஃபில் நிறுவனம் 2011 முதல் ஸ்லோவேனியாவில் பழைய நைலான் வலைகளை வேதிமுறையில் கேப்ரோலாக்டம் என்ற மூலப்பொருளாகப் பிரித்து, புது நைலானுக்கு நிகரான ‘எகோனில்’ நூல் எடுக்கிறது. அதற்கு முன் ஈயக்குண்டையும் மிதவையையும் கயிற்றையும் ஒவ்வொன்றாக வெட்டிப் பிரிக்க வேண்டும். காய்ந்த பாசியையும் சிப்பியையும் களைய வேண்டும். அந்த நூலிலும் வலை மட்டும் இல்லை, பழைய கம்பளமும் ஆலைக்கழிவும் சேர்கின்றன.

2024 அக்டோபரில் நீங்கள் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் ‘பசுமை’, ‘சூழலுக்கு உகந்தது’ போன்ற பொத்தாம்பொதுவான சொற்களுக்கு ஆதாரம் கேட்கின்றன. மனமார வரவேற்கிறோம். ‘கடல் பிளாஸ்டிக்’ என்பதற்கும் தனி விளக்கம் சேருங்கள். கடலுக்குள் எடுத்ததா, கரையிலா, ஊருக்குள்ளா. எந்தப் பகுதியில் எடுத்தது. துணியின் எடையில் அது எத்தனை சதவீதம் - இவை அட்டையிலேயே, வாங்குகிறவர் படிக்கும் மொழியில் இருக்க வேண்டும். க்யூஆர் குறியீட்டுக்குள் மட்டும் வைத்தால் போதாது. மறுசுழற்சித் துணியும் துவைக்கத் துவைக்க நுண்ணிழை உதிர்க்கும், அது சாக்கடை வழியே கடலுக்கும் போகும். அதற்கும் அட்டையில் ஒரு வரி ஒதுக்கச் சொல்லுங்கள்.

ஆடை ஏற்றுமதி செய்யும் திருப்பூருக்கு இது புதுச் சுமை ஆகாது. ஆதாரமில்லாத பசுமை விளம்பரத்தைத் தடுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகள் 2026 செப்டம்பர் 27 முதல் நடைமுறைக்கு வருகின்றன. ஏற்றுமதிக்காக அங்கே காட்டவேண்டிய கணக்கை, உள்ளூரில் வாங்குகிறவருக்கும் காட்ட உத்தரவிடுங்கள்.

இப்படிக்கு,
ஆசிரியர்