தேதி பார்த்தா நோய் வரும்?

திருவொற்றியூர்ப் பையன். அப்பா துறைமுகத்தில் ஒப்பந்தக் கூலி. அம்மா வீட்டு வேலை செய்கிறார். அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் அவன்தான். "ஸ்காலர்ஷிப் அப்புறம் வரும், இப்ப கட்டுங்க" என்று சுயநிதிக் கல்லூரி சொன்னதால், குழுக் கடன் வாங்கி, கம்மலை அடகு வைத்து முதலாண்டுக் கட்டணத்தைக் கட்டினார்கள். நவம்பரில் இருமல் நிற்கவில்லை. சளியைச் சோதித்தபோது காசநோய் என்று தெரிந்தது. ஆறு மாதம் மருந்து. உடம்பு நடக்கக்கூடத் தாங்கவில்லை. மீதிப் பணத்தைக் கேட்டுப் போன அம்மாவுக்குக் கிடைத்த பதில், "தேதி முடிஞ்சிடுச்சும்மா." டி.சி. கேட்டதற்கு, "மிச்ச ரெண்டு வருஷ ஃபீஸையும் கட்டிட்டு வாங்கிக்கங்க" என்றார்கள்.

அது என்ன தேதி? பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 அறிவிக்கையில் இருக்கிறது. சேர்க்கைக்கான கடைசித் தேதிக்குப் பதினைந்து நாள் முன்பே விலகினால் 100 சதவீதம் திரும்பக் கிடைக்கும். அதற்குப் பின், கடைசித் தேதிக்குள் என்றால் 90. தேதி முடிந்து 15 நாளுக்குள் 80. 30 நாளுக்குள் 50. அதைத் தாண்டினால் பூஜ்யம். 2024-25 கல்வியாண்டுக்கு, செப்டம்பர் 30 வரை முழுப் பணம், அக்டோபர் 31 வரை 1,000 ரூபாய்க்கு மிகாமல் பிடித்தம் என்று தளர்த்தினார்கள்.

இந்த விதி யாருக்காக எழுதப்பட்டது? இன்னொரு கவுன்சலிங்கில் நல்ல இடம் கிடைத்ததும் மாறிப் போகிறவருக்காக. அவருக்கு இது நியாயமான விதிதான். ஆனால் படுக்கையில் விழுந்த பிள்ளைக்கு அதில் ஒரு வரிகூட இல்லை. மாறிப் போகிறவர் தேதி பார்த்துப் போகலாம். காசநோய் தேதி பார்த்தா வரும்?

வடசென்னையில் அது எப்போது வருகிறது என்று பாருங்கள். டெங்கு வடகிழக்குப் பருவமழையோடு வருகிறது. 2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு, பெரியகுப்பத்தில் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, ஊரே மூச்சுத்திணறி மருத்துவமனைக்கு ஓடியது. பெரும்பாலும் அக்டோபர் 31-க்குப் பிறகு. எங்கள் தெருக்களில் நோய் வரும் காலத்துக்கு முன்பே கல்லூரிக் கல்லாப்பெட்டி மூடிவிடுகிறது.

உதவித்தொகை விதியையும் பாருங்கள். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை பெறும் பட்டியல் சாதி மாணவர் ஆண்டின் நடுவில் படிப்பை விட்டால், அந்தத் தொகையை மாநில அரசு அவரிடமே திரும்பக் கேட்கலாம். பணம் கல்லூரியிடம். கடன் பிள்ளையின் தலையில். அதே விதிகள், கடும் நோயால் தேர்வு எழுத முடியாதவருக்கு மருத்துவச் சான்றும் முதல்வரின் சான்றும் இருந்தால் மறு ஆண்டும் உதவித்தொகையைப் புதுப்பிக்க இடம் தருகின்றன. அப்படியானால் நோய் என்பதை அரசு அறியாமல் இல்லை. உதவித்தொகையில் ஒப்புக்கொண்ட நோயைக் கட்டணத்தில் மட்டும் ஏன் ஒப்புக்கொள்ளக்கூடாது?

"இடம் காலியாகிவிட்டது, ஆசிரியர் சம்பளத்தை யார் தருவது?" என்று நிர்வாகங்கள் கேட்கும். சரி, நடந்த வகுப்புக்குப் பணம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏறாத பஸ்ஸுக்கும், சாப்பிடாத மெஸ்ஸுக்கும், எழுதாத தேர்வுக்கும் எதற்குப் பணம்? தேறி வரும் பிள்ளைக்கு அதே கட்டணத்தை அடுத்த ஆண்டுக்கு வரவு வைத்தால் உங்களுக்கு என்ன நட்டம்?

வழக்குப் போடலாமே என்பார்கள். கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020இல் சொல்லிவிட்டது. மேல்முறையீடு உச்ச நீதிமன்றம் போனது. அங்கே போய் நிற்க எந்தக் கூலித் தொழிலாளியால் முடியும்?

ஆனால் ஒன்றைப் பெற்றோர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அசல் சான்றிதழை நிறுத்தி வைக்கக்கூடாது, படிக்கும் ஆண்டுக்கோ பருவத்துக்கோ மேல் முன்கூட்டிக் கட்டணம் வாங்கக்கூடாது, காப்புத்தொகையை முழுதாகத் திருப்ப வேண்டும் என்று அதே 2018 அறிவிக்கை சொல்கிறது. "மிச்ச ரெண்டு வருஷ ஃபீஸ்" என்பது அப்பட்டமான விதிமீறல். கேட்டால் எழுத்தில் தரச் சொல்லுங்கள். தரமாட்டார்கள்.

நாங்கள் கேட்பது நான்கு. அரசு மருத்துவமனைச் சான்றோடு விலகும் மாணவருக்குத் தேதி வரம்பு இல்லாமல், படிக்காத மாதங்களுக்கான கட்டணம் திரும்ப வேண்டும். தேறி வந்தால் அதே இடம் வேண்டும். உதவித்தொகையைக் கடனாக்கி அவரிடம் வசூலிக்கக்கூடாது. இவற்றை உயர்கல்வித் துறையும் ஆதிதிராவிடர் நலத்துறையும் சேர்ந்து அரசாணையாக வெளியிட வேண்டும்.

1917இல் பரோடா உதவித்தொகை முடிந்து பாபாசாகேப் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டார். நான்கு ஆண்டுக்குள் வந்து தொடரலாம் என்று லண்டன் அனுமதித்தது. 1920இல் திரும்பிப் போய்ப் படித்து முடித்தார். நூறாண்டு கழித்து, திருவொற்றியூர்ப் பையனுக்கு அந்த அனுமதியைத் தர எந்தச் சட்டம் தடுக்கிறது?

ஜெய்பீம்.